இரண்டு பீரியட் தாங்குமா?

(இ-சிகரெட்டும் வளரிளம் பிள்ளைகளும் குறித்துப் புதுக்கோட்டையில் பெற்றோர், ஆசிரியர்கள், மாணவர்கள் கூடிய அவையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த நண்பர்கள் போனில் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், நம்ம ஊருக்கும் இந்த வேப் வந்துருச்சா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். வந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் சட்டைப்பையில் அதிகம் இருப்பது அது இல்லை, கூல் லிப். வேப் இன்னும் கையில் காசு புழங்குகிற பிள்ளைகளிடமும், வெளியூர் விடுதியில் படித்துவிட்டு விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளிடமும்தான் இருக்கிறது. ஒன்று உதட்டுக்குள் அதக்குவது, மற்றொன்று உறிஞ்சி இழுப்பது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே: நிகோட்டின். அதனால் இரண்டையும் சேர்த்தே பேசப்போகிறேன். ஒன்றை மட்டும் பேசிவிட்டுப் போனால், அறந்தாங்கியிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற நீங்கள், "இது ஏதோ சென்னை, பெங்களூரு சமாச்சாரம்" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

முதலில் வேப் என்கிற இ-சிகரெட் கருவி. ஒரு பேட்டரி, சூடேறும் ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், பழவாசனை, நிகோட்டின். இழுத்தால் சுருள் சூடாகி, திரவம் நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது. பிள்ளைகள் இதை நீராவி என்று நம்புகிறார்கள். இட்லிப் பானையில் வருவதுதான் நீராவி. இதில் வருவது ரசாயனத் துளிகள். இதை இன்றைய வடிவில் உருவாக்கியவர் ஹான் லிக் என்கிற சீன மருந்தாளுநர், 2003இல். அவரே புகைபிடிப்பவர். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். புகையை விட முடியாதவர்களுக்கு ஒரு மாற்று வேண்டும் என்றுதான் அவர் தொடங்கினார். அந்த நோக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிகரெட்டில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. பல ஆண்டு சிகரெட் பிடித்த ஒருவர் அதை முழுவதுமாக விட்டுவிட்டு இதற்கு மாறினால் அவருக்குக் கெடுதல் குறையும் என்று பிரிட்டனின் மருத்துவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் 14 வயதுப் பிள்ளை எதையும் விட்டுவிட்டு இதற்கு வரவில்லை. அவன் நல்ல காற்றை விட்டுவிட்டு இதற்கு வருகிறான். அவனுக்கு எது குறைவான கெடுதல் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

கதை திரும்பிய ஆண்டு 2015. அமெரிக்காவில் ஜூல் என்று ஒன்று கடைக்கு வந்தது. பார்ப்பதற்கு பென் டிரைவ் மாதிரி இருக்கும். இதில் ஒரு வேதியியல் தந்திரம் உண்டு. அதுவரை வந்த திரவங்களில் நிகோட்டின் அதிகமானால் தொண்டை எரியும். புதிதாக இழுப்பவன் இருமித் துப்பிவிடுவான். அந்த எரிச்சல் ஒரு காவல். ஜூலில் நிகோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினார்கள். எரிச்சல் போயிற்று. அளவை எவ்வளவு கூட்டினாலும் தொண்டைக்குத் தெரியாது. ஒரு சிறு குப்பியில் 0.7 மில்லி திரவம். அதில் சுமார் 40 மில்லிகிராம் நிகோட்டின். ஒரு பாக்கெட் சிகரெட்டிலிருந்து உடம்புக்கு ஏறுவதற்கு ஏறக்குறைய ஈடு என்று அந்த நிறுவனமே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் அடர்த்தியைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. வாசனை என்னவோ மாம்பழம், வெள்ளரி, புதினா.

என்ன ஆயிற்று? அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில், கடந்த 30 நாளில் ஒரு முறையேனும் இ-சிகரெட் பயன்படுத்தியவர்கள் 2018இல் 20.8 சதவீதம், மறு ஆண்டு 27.5 சதவீதம். நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளைக்கும் மேலே. அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி 2018 டிசம்பரில் இதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தார். அதே மாதம் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா நிறுவனம், 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. புகையை ஒழிக்க வந்த கருவி என்றார்களே, அதைப் புகை விற்பவர்கள் எதற்காக அவ்வளவு விலை கொடுத்து வாங்கினார்கள் என்று இங்கே இருக்கிற வணிகவியல் மாணவர்கள் யோசித்துப் பாருங்கள்.

பிறகு கெடுபிடி வந்தது, வழக்குகள் வந்தன, கொரோனாவில் பள்ளிகள் மூடின. எண்ணிக்கை இறங்கியது. 2024இல் உயர்நிலைப் பள்ளிகளில் 7.8 சதவீதம். நல்ல செய்திதானே? கொஞ்சம் பொறுங்கள். இழுக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் இழுக்கிறவர்களில் நாலில் ஒருவர் தினமும் இழுத்தார். இன்னொரு கணக்கு என்னை அதைவிட அதிகம் உறுத்துகிறது. வேறு எந்தப் புகையிலையும் தொடாமல் இ-சிகரெட் மட்டும் பயன்படுத்தும் பிள்ளைகளில், காலையில் கண் விழித்து ஐந்து நிமிடத்துக்குள் இழுப்பவர்கள் 2014 முதல் 2017 வரை சுமார் ஒரு சதவீதம். 2021இல் அது 10.3 சதவீதம். பல் துலக்கவில்லை, அம்மா இன்னும் காபி தரவில்லை, அதற்குள் கை தலையணைக்கு அடியில் போகிறது. விளையாட்டுக்கு இழுத்துப் பார்த்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள். விலக முடியாதவர்கள் மிஞ்சி நிற்கிறார்கள்.

இந்த 'விலக முடியாமை' எப்போது தொடங்குகிறது? நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

நாம் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். முதலில் எப்போதாவது, பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு தினமும், அதன் பிறகுதான் அடிமை. அதனால் பிடிபட்ட பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளா? ஒரு நாளைக்கு எத்தனை?" அவன், "எப்பவாச்சும்தான் சார், ஃபிரண்டு கொடுத்தான்" என்பான். பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறான். நாமும் நிம்மதியாகிவிடுகிறோம்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஜோசப் டிஃப்ரான்சா இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தார். 12 வயதை ஒட்டிய பள்ளிப் பிள்ளைகளை அவர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவ்வப்போது நேரில் பேசிப் பதிவு செய்தார்கள். 2007இல் வெளியான முடிவு இது: சிகரெட் புகையை உள்ளே இழுக்கத் தொடங்கிய பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு, முதல் இழுப்பிலிருந்து இரண்டே நாளில் தன் மேலிருந்த பிடி தளர்ந்துவிட்டது, நாலில் ஒருவருக்கு ஒரு மாதத்துக்குள். மாதத்துக்கு ஏழு சிகரெட் பிடிக்கும் கட்டத்துக்கு வருவதற்குள்ளேயே பாதிப் பேர் கட்டுப்பாட்டை இழந்திருந்தார்கள். மாதத்துக்கு ஏழு! எந்த அப்பாவாவது இதை அடிமைத்தனம் என்று ஒப்புக்கொள்வாரா? அது சிகரெட்டை வைத்துச் செய்த ஆய்வு, வேப் பிள்ளைகளிடம் பரவுவதற்கு முன்பு. தொண்டை எரியாத, ஒரு குப்பியில் ஒரு பாக்கெட் அளவு நிகோட்டின் தருகிற கருவி அதைவிட மெதுவாகப் பிடிக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

காரணம் மூளையில் இருக்கிறது. உறிஞ்சிய நிகோட்டின் பத்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அதற்கென்று ஏற்கெனவே ஏற்பிகள் இருக்கின்றன. அவை அசெட்டைல்கோலின் என்கிற நம் சொந்த ரசாயனத்துக்காக உண்டானவை. நிகோட்டின் வந்து உட்கார்ந்ததும் டோபமின் சுரக்கிறது, இதமாக இருக்கிறது. தொடர்ந்து வந்தால் மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கூட்டிய பிறகு அவை காலியாக இருந்தால் எரிச்சல், படபடப்பு, கவனமின்மை. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகிவிடும். ஆசையை அடக்கி யோசிக்கச் சொல்கிற முன்மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும். ஆக, ஆசையின் பக்கம் முழு பலத்தோடும், அடக்கும் பக்கம் அரைகுறையாகவும் இருக்கிற வயதில் இது உள்ளே வருகிறது.

டிஃப்ரான்சாவின் குழு ஒரு கேள்விப் பட்டியலும் தயாரித்தது. பத்துக் கேள்விகள். அவற்றில் எத்தனை என்ற கேள்வியே கிடையாது. என் வார்த்தையில் சிலவற்றைச் சொல்கிறேன். விட முயன்று முடியாமல் போனதுண்டா? இது வேண்டும் என்று தவித்ததுண்டா? பள்ளிக்கூடம் மாதிரி, கூடாத இடத்தில் இருக்கும்போது அடக்கிக்கொள்வது கஷ்டமாக இருக்கிறதா? கொஞ்ச நேரம் இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறதா, படிப்பில் மனம் நிற்க மறுக்கிறதா? பத்தில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலே பிடி தளரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நான் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைப் புதுக்கோட்டைத் தமிழில் கேட்பதுண்டு: "ரெண்டு பீரியட் தாங்குமாடா தம்பி?" பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு பிளஸ் டூ மாணவன் நிமிர்ந்து பார்த்து, "முதல் பீரியட் தாங்கும் சார், மேத்ஸ் பீரியட்லதான் முடியாது" என்றான். கணக்கு வாத்தியார் மேல் குற்றமில்லை. மூன்றாவது பீரியட் கணக்கு. காலையில் இழுத்தது அந்த நேரத்துக்கு இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பையன் அடுத்துச் சொன்னது முக்கியம். "இது இருந்தாத்தான் சார் படிக்க முடியுது." பொய் சொல்லவில்லை. இழுத்ததும் அவனுக்குக் கவனம் கூடுவது உண்மை. ஆனால் அது அவனிடம் முன்பு இருந்த கவனம்தான். நிகோட்டின் அதைப் பறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. நம் மாவட்டத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை உயிராக நினைக்கிற பெற்றோர் நிறைய. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க இந்தப் பழக்கம் கூடுகிறது என்றால் இதுதான் காரணம். இரவு ஒரு மணிவரை விளக்கெரிகிறதே என்று பெருமைப்படுகிற வீட்டில்கூட இது நடக்கும்.

சரி, நமக்கு ஏன் தெரிவதில்லை? நம் தாத்தா உறையூர்ச் சுருட்டு பிடித்தார். திண்ணைக்கு வருவதற்குள் தெரு முனைக்கே வாசம் வந்துவிடும். பாட்டி வெற்றிலையோடு புகையிலை போட்டாள், பல்லில் கறை. மாமா பொடி போட்டார். மேல்துண்டில் கறை, நாலு தும்மல். ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஓர் அடையாளம் இருந்தது. வீடு கண்டுபிடித்துவிடும், திட்டும். வேப் அந்த அடையாளங்களை எல்லாம் அழித்துவிட்டு வந்திருக்கிறது. புதினா வாசனை வந்தால் மிட்டாய் என்று நினைப்போம். பீடிக்கு ஒரு முடிவும் உண்டு. கை சுடும்போது தூக்கி எறிந்தே ஆக வேண்டும். இதற்கு அந்த முடிவு கிடையாது. இரண்டு இழுப்பு, பையில் போடு, மறுபடி இரண்டு இழுப்பு. அதனால்தான் எத்தனை என்று கேட்டால் பிள்ளைக்கே பதில் தெரிவதில்லை. அவன் மறைக்கவில்லை, எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இப்போது நம் நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2019இல் நடந்த உலக இளைஞர் புகையிலை ஆய்வின் நான்காம் சுற்றில், 13 முதல் 15 வயதுவரையுள்ள 80,772 இந்திய மாணவர்களின் பதில்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவர்களில் 8.5 சதவீதம் பேர் அப்போது ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இ-சிகரெட்டை எப்போதாவது தொட்டவர்கள் 2.8 சதவீதம். சிறிய எண் என்று தோன்றும். அடுத்ததைக் கேளுங்கள். புகையில்லாப் புகையிலையைத் தொட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், சரியாகச் சொன்னால் 52 சதவீதம் பேர், பத்தாவது பிறந்த நாளுக்கு முன்பே தொடங்கியவர்கள். அதாவது ஐந்தாம் வகுப்புக்குள். விழிப்புணர்வுக் கூட்டத்தை நாம் ஒன்பதாம் வகுப்பில்தான் நடத்துகிறோம். பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் தமிழ்நாட்டின் நிலை எனக்கு வெட்கமாக இருந்தது. நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் குறைந்துகொண்டிருந்த 2009-10க்கும் 2016-17க்கும் இடையில், நம் மாநிலத்தில் அது 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியது.

கூல் லிப் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புகையிலைத் தூளை மெல்லிய வடிதாளில் பொதிந்த சின்னப் பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்தால் நிகோட்டின் ஊறி இறங்கும். துப்ப வேண்டியதில்லை, சுண்ணாம்பு தேய்க்க வேண்டியதில்லை, வாசனையும் குளுகுளுவென்று இருக்கும். வகுப்பில் ஆசிரியர் முன்னாலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஹான்ஸ் புகையிலை போட்டவனை வாயைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இதை வைத்தவனை முடியாது. குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013 மே முதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தடை தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் கூல் லிப் போன்றவற்றின் தயாரிப்பும் விற்பனையும் வேறு சில மாநிலங்களில் சட்டப்படி நடக்கின்றன. லாரியும் ரயிலும் ஓடுகிற நாட்டில் மாநில எல்லைத் தடை எவ்வளவு நிற்கும்? உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி பரத சக்கரவர்த்தி 2024இல் இதைத்தான் கேட்டார். புகையிலை கடத்தியவர்களின் ஜாமீன் மனுக்களை விசாரிக்கும்போது, பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் பரவியிருப்பதைக் கவலையோடு எடுத்துப் பேசி, அதைப் பாதுகாப்பற்ற உணவுப்பொருள் என்று நாடு முழுவதற்குமாக ஏன் அறிவிக்கக் கூடாது என்றார். நம் மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருவது. அவர் பேசியது நம் பிள்ளைகளைப் பற்றியும்தான்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? ஆறாம் வகுப்பில் உதட்டுக்குள் நிகோட்டினைப் பழக்கிய பிள்ளைக்கு, கல்லூரி விடுதியில் யாராவது வேப்பை நீட்டினால் அது புதிய பழக்கமாக இருக்காது. பழைய பழக்கத்துக்குப் புதிய, வேகமான வழி. உதட்டு வழியே மெதுவாக ஏறியது இனி நுரையீரல் வழியே விநாடிகளில் ஏறும். எதிர்த்திசையிலும் பாதை உண்டு. இ-சிகரெட்டில் தொடங்கிய இளையோர் பின்னால் சிகரெட்டுக்குப் போகும் வாய்ப்பு, தொடங்காதவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று 2017இல் ஒன்பது நெடுநாள் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். வேப்பே காரணமா, அல்லது எதையும் துணிந்து பார்க்கிற பிள்ளைகள் இரண்டையும் தொடுகிறார்களா என்கிற வாதம் முடியவில்லை. எப்படியானாலும் வேப் பிடித்த பிள்ளையைச் சிகரெட்டுக்கும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பது என் முடிவு.

சட்டம் என்ன சொல்கிறது? இதில் மத்திய அரசைவிடத் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2018இல் மாநிலம் இ-சிகரெட்டைத் தடை செய்தது. அப்போது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் நம் விராலிமலைத் தொகுதியின் அன்றைய உறுப்பினர். மறு ஆண்டு மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடை வேண்டும் என்று அறிக்கை தந்தது. செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம், டிசம்பரில் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு, ஐந்து லட்சம். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். இவ்வளவு கடுமையான சட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: இழுப்பவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் கிடையாது. சட்டம் விற்பவனைத் தேடுகிறது, பயன்படுத்துகிற பிள்ளையைத் தேடவில்லை. "போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மாணவனை மிரட்டும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்தவனைப் பிடிக்கத்தான் வழிகள் இருக்கின்றன. சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 100 கெஜத்தை யாராவது டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறோமா?

வேப்பைத் தடுத்த அரசு சிகரெட்டை மட்டும் பெட்டிக்கடையில் சில்லறையாக விற்க விடுகிறதே என்று இங்கே ஒரு தம்பி மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேள்வி நியாயம். புகையிலையால் இந்த நாட்டில் ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். அதற்காக இன்னொரு கதவையும் திறந்து வை என்று சொல்ல முடியாது. ஆனால் தடை போட்டதும் வேலை முடிந்தது என்று அரசு உட்கார்ந்தால் அதை ஏற்க மாட்டேன். தடைக்குப் பிறகு விற்பனை போனுக்குள் போனது. தடை செய்த பொருளுக்குத் தரக்கட்டுப்பாடும் இல்லை. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. 2019, 2020இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் வெந்து 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணம், கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்.

நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு தனிக் கவலை உண்டு. இங்கே பல வீடுகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் வளைகுடாவில். திருச்சி விமான நிலையம் நமக்கு டவுன் பஸ் நிலையம் மாதிரி. மலேசியாவில் 2023 மார்ச் இறுதியில் நிகோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில். நடுவில் ஒன்றரை ஆண்டு, பிள்ளைக்கு விற்பதைத் தடுக்கச் சட்டமே இல்லை. சிங்கப்பூர் நேர் எதிர். அங்கே 2018 பிப்ரவரியிலிருந்தே வைத்திருப்பதும் இழுப்பதும் வாங்குவதும் குற்றம். அப்படியும் உள்ளே வந்தது. எட்டோமிடேட் என்கிற மயக்க மருந்து கலந்த குப்பிகள் புழங்க, 2025 செப்டம்பர் முதல் அதைப் போதைப்பொருளாகவே அறிவித்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை மேசையில் நோயாளியை உறங்க வைக்க நாங்கள் கொடுக்கும் மருந்து அது. அங்கே வேலைக்குப் போகிற நம் பிள்ளை திரும்பத் திரும்பப் பிடிபட்டால் வேலை அனுமதி பறிபோய் ஊருக்கு அனுப்பப்படலாம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கும். இங்கே வருகிறவர்களுக்கும் ஒரு சொல்: தம்பிக்குக் கொண்டுவரும் சாமான் பையில் இது வேண்டாம்.

பிள்ளை பிடிபட்டால் என்ன செய்வது? முதலில், செய்யக் கூடாதது. டிசி கொடுக்காதீர்கள். பள்ளியின் பெயரைக் காப்பாற்ற மாணவனை வெளியே அனுப்பினால், அவன் நாள் முழுக்க நிற்கப் போகிற இடம் அந்தக் கடைவாசல்தான். காலை வழிபாட்டில் நிறுத்தி அவமானப்படுத்தவும் வேண்டாம். மற்ற பிள்ளைகள் அதிலிருந்து கற்பது, இன்னும் நன்றாக ஒளித்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே.

எப்போது கடைசியாக இழுத்தாய், இல்லாமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலில் நோயின் ஆழம் தெரிந்துவிடும். விட்ட பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும். சிடுசிடுப்பான், தூங்க மாட்டான். "இவ்வளவு திமிரா" என்று அப்பா அந்த நேரம் பார்த்துக் கை ஓங்குவார். வேண்டாம் ஐயா. அது திமிர் இல்லை, உடம்பு கேட்கிறது. இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். அந்த நாட்களைப் பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் வைக்காமல், காலாண்டு விடுமுறையில் வைத்துக்கொண்டால் பாதி வெற்றி. நிகோட்டின் சூயிங்கத்தை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குப் பேச்சே முதல் மருந்து. அதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் வேப் பழகிய 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,500 பேரில் ஒரு பாதிக்கு, விடுவதற்குத் துணையாகப் போனில் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பாதியில் 37.8 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள்; மற்றப் பாதியில் 28 சதவீதம். மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. நம் பிள்ளைகளின் மொழியில், நம் பிள்ளைகளின் கிண்டலோடு அப்படிச் செய்திகள் எழுத மன்னர் கல்லூரித் தமிழ்த் துறை மாணவர்களும் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாதம் போதும். செலவு டீச் செலவுதான்.

இதை நம்பிக்கையோடு சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 1904இல் ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரிக்குள் நுழைந்த முத்துலட்சுமி இந்த ஊரில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1991, 92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டர்கள் லாந்தர் வெளிச்சத்தில் ஊர் ஊராக உட்கார்ந்து எழுத்தும் கற்றுக்கொடுத்தார்கள், பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தொண்டர்களில் சிலர் நரைத்த தலையோடு இந்த அவையிலேயே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. உங்களை மறுபடி வேலைக்கு அழைக்கிறேன்.

வேலை இவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்கள்: புகையிலைக்காக எந்தப் பிள்ளைக்கும் டிசி கிடையாது என்பது ஒன்று, 100 கெஜத்தை அளந்து கோடு போட்டுக் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவது மற்றொன்று. விழிப்புணர்வு வகுப்பை ஒன்பதிலிருந்து நாலாம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மத்திய அரசின் இலவசப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. பள்ளிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் அதை எழுதி ஒட்டுங்கள், யாரும் பார்க்காமல் பிள்ளை குறித்துக்கொள்ளட்டும்.

இனி கேள்வி நேரம். பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினாலும் பதில் சொல்கிறேன்.